வென்றவர்கள் சுவர்

ராஜபாளையம்,
ஜூலை 14.

அன்பிற்குரிய ஸாவித்ரி அக்காவுக்கு,

முனீஸ்வரி எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பதாக ஸுந்தரராஜன் ஸார் சொன்னார். புனேயில் மழை பிடித்துக்கொண்டதாகவும், பேத்தியைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிடுவது இப்போது உங்கள் பொறுப்பு என்றும் சொன்னார். சந்தோஷம். என் சுகத்தை நீங்கள் விசாரித்ததாக அவர் சொல்லவில்லை. இருந்தாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் அதையும் எழுதத்தானே வேண்டும்.

போனில் கூப்பிட்டேன். ஸார்தான் எடுத்தார். நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மறுநாள் கூப்பிட்டபோதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வாரமும் அப்படியே. பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது. கோர்ட்டில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் அதைப் பழகவில்லை. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். கையில் கிடைத்த எழுத்தைப் படிக்காமல் போடுகிறவர் இல்லை நீங்கள். வார்டில் சுண்டல் மடித்து வந்த தாளைக்கூட நீவிவிட்டுப் படித்தவர்.

எனக்குத் திரும்பி வந்துவிட்டது, அக்கா. நம் ஆஸ்பத்திரிக் குழுவில் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வாயால் சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

மாசி மாதமே முதுகில் வலி ஆரம்பித்தது. கம்பெனியில் பேண்டேஜ் துணிக் கட்டுகளைத் தூக்கி அடுக்குவதால் வருகிறது என்று இருந்துவிட்டேன். இங்கே எலும்பு டாக்டரும் அப்படித்தான் சொன்னார். இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார். குனிந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியாமல் போனதும் எனக்கே சந்தேகம் வந்து, மதுரைக்குப் போய், எனக்கு முன்னால் மார்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். முதுகெலும்பில் சில இடங்களில் இருக்கிறது. கல்லீரலில் ஒரு சின்னப் புள்ளி.

நமக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரம்மாதான் சொன்னார்கள். "இதை இனி முழுசா எடுக்க முடியாதும்மா, அடக்கி வைக்கலாம். எவ்வளவு நாள் அடங்கியிருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்கள். மறுபடி கீமோ ஏற்றலாம், அது வேகமாகக் கேட்கும், ஆனால் முன்பு போலவே ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். இல்லையென்றால் வேறொரு மாத்திரையும் எலும்புக்கு மாதாமாதம் ஒரு ஊசியும். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். புள்ளி சிறியது என்பதால் முதலில் மாத்திரையைப் பார்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம். முடிவு உன்னுடையது, வீட்டில் பேசிவிட்டு வா என்றார்கள். வீட்டில் பேச என்ன இருக்கிறது? மாத்திரையே கொடுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் வந்ததும், "பெரிய மருந்து இருக்கும்போது எதுக்கு மாத்திரையக் கேட்ட? தலைவலியா வந்திருக்கு ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீமோ என்றால் நான் வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவியதுதான் அவருக்கு ஞாபகம். அதற்கு அவர் தயார். மறுபடி கழுவுகிறேன் என்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த மருந்து ஏறியது என் உடம்பில். நாக்கு தோலுரிந்து, சொந்த மகள் பேசுகிற சத்தம்கூட எரிச்சலாகி, சுவரைப் பார்த்தே படுத்திருந்த மாதங்கள் அவை. மீதி இருக்கிற நாளை எடுத்த எடுப்பிலேயே அதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மாத்திரை கேட்கவில்லை என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இதில் கோழைத்தனம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

கோழைத்தனம் என்று யார் சொன்னார்கள் என்றால், நம் அனுக்ரஹா. அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அல்லவா, பக்குவமாகச் சொன்னாள். "நீங்க கீமோ வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு கேள்விப்பட்டோம். எங்க எல்லாருக்கும் வருத்தம். நீங்களே போராடலைன்னா எப்படிக்கா?" என்றாள். ஆஸ்பத்திரி மாடிப்படிச் சுவரில் 'வென்றவர்கள்' என்று எழுதி நம் படங்களை மாட்டியிருந்தார்களே. நீங்கள் அரக்குப் பட்டில், நான் கம்பெனிப் பெண்ணிடம் இரவல் வாங்கிய நீலப் புடவையில். அடுத்த மாதம் எலும்பு ஊசி போட்டுக்கொண்டு இறங்கிவந்தபோது என் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. உங்கள் படம் இருக்கிறது. கேட்டதற்கு, "தப்பா நினைக்காதீங்கக்கா, புதுசா வர்றவங்க உங்களப் பத்தி விசாரிச்சா நாங்க என்ன பதில் சொல்றது?" என்றாள். வாட்ஸப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நான் ஓய்வு எடுக்க வேண்டுமாம்.

புதிதாக வருகிறவர்களோடு பேச நாம் எதற்குப் போனோம், அக்கா? உங்களுக்கு நாள் குறித்தபோது, கத்தி வைக்க விடமாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். எனக்கு அப்போதுதான் ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்திருந்தது. திரையை இழுத்துவிட்டு ரவிக்கையைக் கழற்றி உங்களுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "எனக்கு இப்படி முழுசா எடுக்க வேண்டாம்டீ, கட்டியை மட்டும் எடுக்க முடியுமான்னு கேக்கறேன்" என்றீர்கள். கேட்டீர்கள், முடியும் என்றார்கள். அதற்குப் பிறகு தினமும் கதிர்வீச்சு, அந்தக் கரண்ட் வைக்க வேண்டும், உங்களுக்கு மதுரையில் தங்க அத்திம்பேர் வீடு இருந்தது. எனக்கு அது இல்லை, கம்பெனியிலும் அத்தனை நாள் விடமாட்டார்கள், அதனால் நான் முழுவதும் எடுக்கச் சொன்னேன். ரெண்டும் சரிதான் என்றார்கள் டாக்டரம்மா. என்னைப் பார்த்துவிட்டு நீங்கள் வேறு முடிவு எடுத்தீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். பார்த்தால்தானே முடிவு எடுக்க முடியும்.

இன்னொரு விஷயம். வத்திராயிருப்பில் மாரிச்செல்வி என்று ஒரு பெண். சின்ன வயது, ரெண்டு பிள்ளைகள். கட்டி கொஞ்சம் பெரியது, முதலில் கீமோ ஏற்றிச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளோடு பேசச் சொல்லி என் நம்பரைத்தான் அனுக்ரஹா முதலில் கொடுத்திருந்தாள். இப்போது நான் பேச வேண்டாமாம், உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறாளாம். பயந்த பெண். நல்லபடியாகப் பேசுங்கள்.

ஆடிப்பூரத் தேருக்காவது ஸ்ரீவில்லிபுத்தூர் வருவீர்கள் என்று நினைக்கிறேன். வந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முனீஸ்வரி


ராஜபாளையம்,
செப்டம்பர் 28.

ஸாவித்ரி அக்காவுக்கு,

தேர் நிலைக்கு வந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. நீங்கள் வரவில்லை. கடிதம் கிடைத்ததாக ஸார் சொன்னார். படித்தீர்களா என்று கேட்டேன், மழை இன்னும் விடவில்லை என்றார்.

இந்தக் கடிதம் என் உடம்பைப் பற்றியது அல்ல. மாரிச்செல்வியைப் பற்றியது. முழுவதும் படியுங்கள்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அவளே என்னைத் தேடி வந்தாள். கூடப் புருஷன் பால்ச்சாமி. தென்னந்தோப்புகளில் காய் வெட்டி லோடு ஏற்றுகிறவன். நான் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாசலில் வந்து நிற்கிறவர்களை என்ன செய்ய முடியும்? உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காபி போட எழுந்தபோது இடுப்பு பெல்ட்டைப் பார்த்துவிட்டாள். அலமாரியில் மாத்திரை டப்பாக்களையும் பார்த்தாள். விவரமான பெண். "அக்கா, ஒங்களுக்குத் திரும்ப வந்துருச்சா?" என்று கேட்டாள்.

அனுக்ரஹாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். முதுகு வலி, வயசாச்சுல்ல என்று சிரித்திருப்பாள். எனக்கு வரவில்லை. ஆமாம் என்றேன். எட்டு வருஷம் நன்றாக இருந்தேன், இப்போது எலும்பில் வந்திருக்கிறது, மருந்து எடுக்கிறேன், எல்லோருக்கும் இப்படித் திரும்பி வருவதில்லை, பலபேருக்கு வருவதே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காதில் முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான். "அறுத்தும் வருதுன்னா எதுக்குக்கா அறுக்கணும்? ஏட்டி, எந்திரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவளும் பின்னாலேயே போய்விட்டாள். காபி ஆறிப்போய் இருந்தது.

கீமோவுக்குக் குறித்த தேதியில் அவள் மதுரைக்குப் போகவில்லை. அனுக்ரஹா எனக்குப் போன் செய்தாள். குழுவிலிருந்து எடுத்த பிறகு அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு உயிரைக் கெடுத்துட்டீங்கக்கா. இதுக்குத்தான் பேச வேணாம்னு சொன்னோம்" என்றாள். அப்படித்தான் ஆகிவிட்டதோ என்று எனக்கும் இருந்தது. மறுபடி மறுபடி அந்தப் பெண்ணின் போனுக்குக் கூப்பிட்டேன். மாமியார் எடுத்து, வேறு வைத்தியம் பார்க்கிறோம், இனி கூப்பிடாதீர்கள் என்று வைத்துவிட்டாள்.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போனேன். வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்வரை வந்து வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கூட வருகிறேன் என்றவரை நான்தான் வேண்டாம் என்றேன். அந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இறங்கியது. வீட்டை விசாரித்துப் போனபோது நல்லவேளை மாமியாரும் பால்ச்சாமியும் இல்லை. மாரிச்செல்வி முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். தென்காசிப் பக்கம் ஒருவர் பொடி கொடுக்கிறாராம். உப்பு கூடாது, புளி கூடாது, பால் கூடாது, கஞ்சியும் அந்தப் பொடியும்தான். கட்டி பழுத்துத் தானாக விழுந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

என் பேச்சைக் கேட்டுத்தானே பயந்துவிட்டாய் என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்க வீட்டுலருந்து வந்த அன்னைக்கு எனக்கு அழுகையா வந்துச்சுக்கா. பொறவு புனேல இருக்க ஸாவித்ரி அம்மாவுக்குப் போன் போட்டேன். அவிய சொன்னாவ, முனீஸ்வரிய நெனச்சு நீ பயப்படாத, அவ மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டா, அவ சாப்பாடு வேற, பழக்கம் வேற, நான் கட்டுப்பாடா இருக்கேன், எனக்கு வரலைல்ல, அப்படின்னாவ. எனக்கு அப்பத்தான் மனசு லேசாச்சு. அப்ப கட்டுப்பாடா இருந்தா அது அண்டாது போலன்னு நெனச்சேன். இவுகளும் பொடிக்காரரப் பத்திச் சொன்னாக. சரின்னுட்டேன்."

நீங்கள் இதைச் சொன்னீர்களா, அக்கா? அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. அந்த வார்த்தைகளில் உங்கள் குரல் எனக்குக் கேட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போடச் சொன்ன அந்த மாத்திரையை நான் ஒருநாளும் விட்டதில்லை. மகள் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன்னால் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து விழுங்கியதை நீங்களே பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். பார்த்து, "சமத்துடீ நீ" என்றீர்கள். என் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு உங்கள் வீட்டுத் தயிர்சாதம் உங்களுக்கே குமட்டியது. எங்கள் அம்மா தூக்குச்சட்டியில் கொண்டுவந்த புளிச்சோறு மட்டும்தான் உள்ளே தங்கியது. வாரக்கணக்கில் அதைத்தான் சாப்பிட்டீர்கள், ஸார் வருகிற நேரத்தில் மட்டும் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைப்பீர்கள். நான் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் உங்களிடம்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது என்று எனக்குப் புரியாமல் இல்லை. நான் ஏதோ தப்பு செய்ததால் எனக்கு வந்தது என்று ஆகிவிட்டால் உங்களுக்கு வராது. நிம்மதியாகப் பேத்தியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்காரலாம். ஆனால் அந்த நிம்மதியை நீங்கள் உங்களோடு வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? அதை எடுத்து அந்தச் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டீர்கள். அவள் அதை நம்பி உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன உண்மை அவள் புருஷனை எழுந்து போக வைத்தது. நீங்கள் சொன்ன ஆறுதல் அவளைப் பொடிக்காரரிடம் அனுப்பியது. அனுக்ரஹா என்னை மட்டும்தான் திட்டினாள்.

அன்று அவள் உள்ளே கூட்டிப்போய் எனக்குக் காட்டினாள். தோல் சிவந்து ஓரிடத்தில் பிளந்திருந்தது. வைத்தியர் சொன்ன மாதிரி பழுக்கிறது என்று நினைத்திருக்கிறாள். அது பழுப்பதில்லை, வளர்கிறது என்று சொன்னேன். அழவில்லை. "எட்டு வருசம் இருந்தீகளே, அது எப்பிடிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில், இத்தனை பேரைப் பார்த்துப் பேசியதில், இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. எல்லோரும் சரியாகிவிடுமா என்றுதான் கேட்பார்கள். நானும் மேடையில் பேசுகிற மாதிரி எதையாவது சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. உண்மையைச் சொன்னேன். வேலைக்குப் போனேன், சூப்பர்வைசரோடு சண்டை போட்டேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன், பேரன் பிறந்தபோது தூக்க முடிந்தது. ஆபரேஷன் பக்கத்துக் கை வீங்கிக்கொள்ளும், வளையல் ஏறாது. ஒருமுறை கம்பெனிப் பெண்களோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனபோது ரவிக்கைக்குள் நான் வெட்டுத் துணியில் தைத்து வைத்திருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கல்லாய்க் கனத்து, ஒரு பக்கமாக என்னை இழுத்தது. பிழிவதற்காகப் பாறை மறைவில் போய் நின்றேன், தேடி வந்த கூட்டாளிக்கு என்ன செய்கிறேன் என்று புரியவில்லை, புரிந்ததும் ரெண்டுபேரும் மூச்சுமுட்டச் சிரித்தோம். இதைச் சொன்னதும் மாரிச்செல்வியும் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம், "சின்னவனுக்கு இப்ப ஏழு. எட்டு வருசம் கெடைச்சாக்கூட அவன் பெரியவனாயிருவான்ல" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் புருஷன் வந்ததும் அவளே பேசினாள். மாமியார் நடுவில் ஏதேதோ சொன்னாள். "அத்தை, ஒங்க மகனுக்கு வேற ஒருத்தியக் கட்டி வச்சிக்கிடலாம், எம் பிள்ளைகளுக்கு வேற அம்மா கெடைக்காது" என்று சொல்லிவிட்டாள். பால்ச்சாமி வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டான்.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் குழாயில் கையைக் கழுவினார்கள். ரெண்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் இன்னும் சுலபம் என்று மட்டும் சொன்னார்கள். கீமோ ஆரம்பித்துவிட்டது. சுருங்கினால்தான் ஆபரேஷன். உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவள் ஊசி ஏற்றிக்கொள்கிற நாட்களில் நான் வெளிவராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அனுக்ரஹா கடந்து போவாள். பார்ப்பாள், பேசுவதில்லை.

பதில் எழுத வேண்டாம். நீங்கள் என்ன எழுதினாலும் எனக்கு இப்போது கோபம்தான் வரும். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் மட்டும், எனக்கு ஏன் திரும்பி வந்தது, உங்களுக்கு ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவு சொன்னால் போதும்.

முனீஸ்வரி


ராஜபாளையம்,
ஜனவரி 6.

ஸாவித்ரி அக்காவுக்கு,

இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று ஸுந்தரராஜன் ஸார் வீட்டுக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூட்டிக்கிடக்கிற உங்கள் வீட்டைப் பார்க்கவும் மார்கழிக்கு ஆண்டாளைச் சேவிக்கவும் தனியாக வந்ததாகச் சொன்னார். கையில் பால்கோவா. நீங்கள் கொடுத்துவிட்டதாகச் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்லது.

முதலில் இங்கத்திய சேதி. மாரிச்செல்விக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. பொங்கல் கழித்து ஆபரேஷன். முடி கொட்டியதும் சின்னவன் தன் தொப்பியைக் கொடுத்திருக்கிறான், அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறாள். டாக்டரம்மா இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. அக்குளில் இருந்த கட்டிகள் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கேட்கவில்லையாம். பொடி தின்ற அந்த ரெண்டு மாதத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அவளுக்கும் தெரிகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. உங்களையும் சொல்லவில்லை. அது எனக்குத்தான் முடியவில்லை.

எனக்கு, எலும்பில் இருப்பது அப்படியே நிற்கிறது. கல்லீரல் புள்ளி வளர்ந்துவிட்டது. மாத்திரை அதற்குக் கேட்கவில்லை. மாசியில் கீமோ ஆரம்பிக்கலாம் என்கிறார்கள், சரி என்று சொல்லியிருக்கிறேன். அப்போது மாத்திரை போதும் என்றேன், இப்போது இது. ரெண்டும் நான் யோசித்து எடுத்த முடிவுதான். வீட்டுக்காரர் பெரிய பாத்திரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், என்னிடம் காட்டவில்லை. மாத்திரை மட்டும் எடுத்த அந்த மாதங்களில் நான் வேலைக்குப் போனேன், வத்திராயிருப்பு போனேன், பேரனுக்கு மொட்டை போட்டோம். அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது ஸார் வந்த விஷயம். நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பேசினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடிக்கவில்லை. அப்புறம் சொன்னார். ரெண்டு வருஷமாக நீங்கள் பரிசோதனைக்குப் போகவே இல்லையாம். புனேயில் உங்கள் மகன் ரங்கநாத் ரெண்டு தடவை நேரம் வாங்கிவைத்தும் தலைவலி, பேத்திக்கு லீவு என்று தட்டிவிட்டீர்களாம். தீபாவளிக்குப் பிறகு குளித்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்த அதே பக்கத்தைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றீர்களாம். மறுநாளிலிருந்து குளியலறைக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறீர்களாம். "அவ யார் சொல்லியும் கேக்க மாட்டேங்கறா, முனீஸ்வரி. ஒரு வேளை நீ சொன்னா..." என்று பாதியில் நிறுத்திவிட்டார். அந்த மனிதர் என் வீட்டில் கண் கலங்குவார் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். கட்டுப்பாடாக இருந்தீர்களே, அக்கா, என்று கேட்கத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஸார் எதிரில் இருந்ததால் விழுங்கினேன். அவர் போன பிறகு தனியாக உட்கார்ந்தபோதும் அந்த வார்த்தை அங்கேயே இருந்தது. உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை, குறைந்துவிட்டதாக எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சுவரிலிருந்து என் படத்தைக் கழற்றியதற்கு அனுக்ரஹாவைக்கூட மன்னித்துவிடுவேன் போல இருக்கிறது. அவள் வாழ்க்கையில் ஒரு கீமோ ஏற்றிக்கொண்டவள் இல்லை, அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் போனை எடுக்காமல் இருந்தீர்கள்.

ஆனாலும் கண்ணாடியில் துணியைப் போட்டு மூடியிருக்கிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அது வெறும் தழும்பாக இருக்கலாம். கரண்ட் வைத்த இடத்தில் தோல் கெட்டிப்படும் என்று நமக்கு அப்போதே சொன்னார்கள். அப்படியே மறுபடி வந்திருந்தாலும், அதே இடத்தில் மட்டும் என்றால் எடுத்துவிட முடியும் என்று டாக்டரம்மாவிடம் இன்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வந்தது போல எலும்புக்குப் போய்விட்ட கதை அது இல்லை. ஆனால் இன்னும் ரெண்டு மாதம் துணியைப் போட்டு மூடிவைத்தால் எதுவாக ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாரிச்செல்வியைப் பார்த்தேன். போதும், இன்னொன்றைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

புனேயில் தெரியாத டாக்டரிடம் திறந்து காட்டக் கூச்சமாக இருந்தால் மதுரைக்கு வாருங்கள். பொங்கலுக்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா காலையில் இருப்பார்கள். டோக்கன் போட்டு வைக்கிறேன். ஸாரோடு வந்து இறங்கினால் மட்டும் போதும், திரைக்கு அந்தப் பக்கம் நான் நிற்கிறேன். என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் பார்க்க வேண்டாம், நான் வராந்தாவிலேயே இருந்துகொள்கிறேன், எனக்கு அது பழக்கம்தான். வந்தால் போதும்.

முடிவு எப்படி வந்தாலும் குழுவில் யாருக்கும் என் மூலமாகத் தெரியாது. உங்களுக்கு ஏன் வந்தது என்று நான் கேட்க மாட்டேன், அக்கா. வேறு யாரையும் கேட்க விடமாட்டேன்.

வாருங்கள்.

முனீஸ்வரி